இன்டர்நேஷனல் எகனாமிக்ஸும் நடுவுல ஒரு வருஷம் வெளிநாடும்: திருப்பூர் அண்ணா கேட்டதுக்கு

திருப்பூர்ல ஜாப் ஒர்க் யூனிட், அதாவது மத்த கம்பெனி ஆர்டர கூலிக்கு செஞ்சு குடுக்கற யூனிட் வெச்சிருக்கற ஒரு அண்ணா கேட்டிருக்கறாருங்க. பாப்பா பிளஸ் டூ, மேத்ஸ் இருக்கற குரூப், எகனாமிக்ஸ் படிக்கோணும்னு புடிவாதமா இருக்கறா. கன்சல்டன்சில போயி கேட்டா இங்கிலாந்துல 'இன்டர்நேஷனல் எகனாமிக்ஸ் வித் இயர் அப்ராட்'னு ஒரு கோர்ஸ காட்டறாங்க, மொத்தம் 4 வருஷம், அதுல மூணாவது வருஷம் வேற ஒரு நாட்டுல. ஒறம்பரைல எல்லாரும் "பேசாம சிஏ போகச் சொல்லுங்க"ங்கறாங்க. இது உருப்படியான படிப்பா, அந்த ஒரு வருஷத்துக்கு காசு போடறது தேறுமா, முடிச்சுட்டு வந்தா நம்ம பனியன் தொழிலுக்கு ஒதவுமா, இதான் அவரு கேள்வி. நான் கோபிப் பக்கமுங்க. இதே மாதிரி கோர்ஸ்தான் இங்கிலாந்துல படிச்சேன், மூணாவது வருஷம் ஜெர்மனில இருந்தேன், இப்ப கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல எகனாமிக்ஸ் எடுக்கறேன், வருஷா வருஷம் யாராச்சும் இதே கேள்வியோட வர்றாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லிடறேன்.

கணக்கு புடிக்கும்னா இது நல்ல படிப்புங்க அண்ணா, அதுல சந்தேகமே வேண்டாம். அந்த வெளிநாட்டு வருஷம் தேறுமாங்கறது மட்டும் எந்த ஊருக்குப் போறா, அங்க என்ன பாடம் எடுக்கறா, அந்த மார்க் டிகிரில சேருதா, அந்த வருஷத்துக்கு ஃபீஸ் எவ்வளவு, இதையெல்லாம் பொறுத்தது. இது தெரியாம அட்வான்ஸ் கட்டிராதீங்க.

நெறைய பெத்தவங்க இத இன்டர்நேஷனல் பிசினஸ்னு நெனச்சுக்கறாங்க. எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் எப்படிப் போடறது, எல்சி (பணத்துக்கு பேங்க் தர்ற உறுதிக் கடிதம்) எப்படித் தொறக்கறது, பையர புடிக்கறது எப்படினு சொல்லித் தருவாங்கனு. அது கெடையாதுங்க. மொத ரெண்டு வருஷம் பாதிக்குப் பாதி கணக்கும் புள்ளியியலும்தான். டிஃபரன்சியேஷன், மேட்ரிக்ஸ், அதுக்கு மேல எகனாமெட்ரிக்ஸ்னு ஒண்ணு வரும், டேட்டாவ எடுத்து ஸ்டேட்டா, ஆர்ங்கற சாஃப்ட்வேர்ல ஓட்டி, ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தம் இருக்கறது நெசமா இல்ல சும்மா அப்படி தெரியுதான்னு கண்டுபுடிக்கற வேல. படிச்சு முடிச்சதும் வேல வாங்கித் தர்றது முக்காவாசி இதுதான், 'இன்டர்நேஷனல்'ங்கற பேரு இல்ல. அதனால கோர்ஸ் பேர பாக்காதீங்க, மாட்யூல் லிஸ்ட, அதாவது பாடப் பட்டியல எடுத்து வெச்சு எகனாமெட்ரிக்ஸ் எத்தன பேப்பர் இருக்குதுனு பாருங்க, ரெண்டாவது வருஷத்துல கட்டாயமா இல்லைனா அந்த கோர்ஸ நானா இருந்தா தள்ளி வெச்சுருவேன்.

பாப்பா மேத்ஸ் குரூப்புங்கறது நல்லதாப் போச்சு. காமர்ஸ் குரூப்ல வர்ற பிசினஸ் மேத்ஸ மேத்ஸா ஏத்துக்காத யுனிவர்சிட்டி பல உண்டு. ஸ்டேட் போர்டுனா சில எடத்துல சிபிஎஸ்இய விட கூடுதலா சதவீதம் கேப்பாங்க, அத ஏஜென்ட் கிட்ட கேக்காம யுனிவர்சிட்டிக்கு நேரா ஒரு மெயில் போட்டு எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க.

சரி, அந்த 'இன்டர்நேஷனல்' எங்க வருதுங்கறீங்களா. ரெண்டு பக்கம் இருக்குதுங்க, ஒண்ணு வர்த்தகம், இன்னொண்ணு பணம்.

வர்த்தகத்துல எல்லாரும் ஆரம்பிக்கறது 1817ல டேவிட் ரிக்கார்டோங்கற இங்கிலாந்து எகனாமிஸ்ட் சொன்னதுல. அவரு எடுத்துக்கிட்டதே துணிதாங்க, துணியும் வைனும். போர்ச்சுகல்ல ஒரு அளவு துணி நெய்ய 90 ஆளு, வைனுக்கு 80 ஆளு. இங்கிலாந்துல துணிக்கு 100, வைனுக்கு 120. ரெண்டுலயுமே போர்ச்சுகல்தான் கெட்டிக்காரன். அப்பறம் எதுக்கு இங்கிலாந்து கிட்ட துணி வாங்கோணும்? ஏன்னா அந்த 90 ஆள துணில இருந்து எடுத்து வைன் பக்கம் போட்டா ஒரு அளவுக்கு மேலயே வைன் கெடைக்குது, அத குடுத்து துணி வாங்கினா மிச்சமாகுது. பங்களாதேஷ்காரன் நம்மள விட கம்மி கூலில தெக்கறான், அப்ப திருப்பூர் எப்படி நிக்குதுனு கேக்கறவங்களுக்கு ஆரம்பப் பதில் இதுல இருக்குது. ஆனா முழுப் பதிலும் இதுல இல்ல, ஏன்னா பங்களாதேஷ் துணிக்கு ஐரோப்பால இத்தன வருஷமா வரியே இல்ல, நம்ம துணிக்கு வரி உண்டு, அந்த வித்தியாசத்தையும் கணக்குல ஏத்தோணும். அப்படித்தான் ஒவ்வொரு பாடமா மேல ஏறும். 1979ல பால் க்ரூக்மன் எழுதினத படிப்பா, ஒரே மாதிரி சாமான ரெண்டு நாடும் ஒருத்தனுக்கொருத்தன் ஏன் வித்துக்கறாங்கனு, அவருக்கு 2008ல நோபல் குடுத்தாங்க. 2003ல மார்க் மெலிட்ஸ் எழுதினது வரும், அது எனக்கு ரொம்பப் புடிச்சதுங்க: ஒரே தொழில்ல இருக்கற எல்லாரும் ஏன் எக்ஸ்போர்ட் பண்றதில்ல, வெளிநாட்டுக்கு விக்க ஆரம்பிக்கறதுக்கே ஒரு மொதச் செலவு இருக்குது, ஆடிட்டு, சாம்பிள், சர்டிபிகேட்டுனு, அத தாங்கற அளவுக்கு உற்பத்தித்திறன் இருக்கறவன்தான் தாண்டிப் போறான், மத்தவன் உள்ளூர்லயே நிக்கறான். ஒரே வீதில ஒரு யூனிட் டைரக்ட் எக்ஸ்போர்ட்டு, பக்கத்து யூனிட் காலம் முச்சூடும் ஜாப் ஒர்க்குனு நீங்க பாத்துருப்பீங்க, அதுக்கு இவங்க கணக்கு போட்டு வெச்சிருக்கறாங்க.

பணப் பக்கம் இன்னும் சுவாரசியமுங்க. டாலர் ஏறினா எக்ஸ்போர்ட்டருக்கு கொண்டாட்டம்னு பேப்பர்ல போடுவாங்க இல்லீங்களா. 1 லட்சம் டாலர் ஆர்டர், டாலர் 83 ரூபாயா இருந்தா 83 லட்சம், 86 ஆனா 86 லட்சம், 3 லட்சம் சும்மா வந்துருச்சுங்கறது பேப்பர் கணக்கு. ஆனா ஆர்டர் எடுத்த அன்னிக்கே பேங்க்ல ஃபார்வர்ட் போட்டு, அதாவது பின்னாடி வர்ற டாலருக்கு இன்னிக்கே ஒரு ரேட்ட பேசி முடிச்சு வெச்சிருந்தா அந்த ஏத்தம் அவருக்கு வராது. போடாம விட்டிருந்தாலும் அடுத்த ஆர்டருக்கு பையரே "உங்க ரூபா எறங்கிருச்சே, ரேட்ட கொறைங்க"னு கேட்டு பாதிய வாங்கிக்குவான். சாயத்துக்கான கெமிக்கல், ஜிப்பு, நிட்டிங் மிஷின்னு வெளிய இருந்து வர்றது அத்தனையும் டாலரோடயே ஏறும், பஞ்சு வெல உலகச் சந்தைய பாத்து நகரும், நூல் வெல அது பின்னாடி. கடைசில கைல நிக்கறது எவ்வளவுங்கறதுதான் கேள்வி. இத பாஸ் த்ரூனு ஒரு தலைப்புல படிப்பாங்க, அதுக்கு தனியா மாடல், தனியா டேட்டா. நம்மாளுங்க பெரும்பாலும் இன்வாய்ஸ் போடறது டாலர்லயோ யூரோலயோதான், ரூபால கெடையாது, அது ஒண்ணே எத்தன விஷயத்த மாத்துதுங்கறத கீதா கோபிநாத் மாதிரி எகனாமிஸ்ட்டுங்க விரிவா எழுதி இருக்கறாங்க. அப்பறம் ரூபா மதிப்ப ஆடாம வெச்சுக்கறது, பணத்த நாட்டுக்கு உள்ள வெளிய தாராளமா விடறது, வட்டிய நம்ம இஷ்டத்துக்கு வெச்சுக்கறது, இந்த மூணும் ஒண்ணா கெடைக்காது, ரெண்டுதான் கெடைக்கும்னு ஒரு பாடம், அது புரிஞ்சா 1991 ஜூலைல ரூபாய எதுக்கு எறக்கினாங்கங்கறதுல இருந்து இன்னிக்கி ரிசர்வ் பேங்க் டாலர விக்கறது வரைக்கும் எல்லாம் வெளங்கும்.

நம்ம ஊரே பாடமா வருங்க அண்ணா, இத சொல்லாம இருக்க முடியல. அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் 2004ல திருப்பூர் பனியன் தொழில வெச்சே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாங்க. உள்ளூர் சமூகத்துல சொந்தபந்தம் மூலமா பணம் பொரட்டறவங்க கிட்ட மூலதனம் நெறைய இருக்குது, வெளிய இருந்து வந்தவங்க கம்மி மூலதனத்த வெச்சே வேகமா வளர்றாங்க, அப்ப பணம் போக வேண்டிய எடத்துக்குப் போகலைங்கறது அதோட சாரம். பானர்ஜி 2019ல நோபல் வாங்கினவரு. எங்கயோ இருக்கற யுனிவர்சிட்டி லைப்ரரில திருப்பூர் பேர பாக்கறப்ப பாப்பாவுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

இப்ப அந்த வெளிநாட்டு வருஷம்.

இது எப்படி நடக்குதுனா, பாப்பா சேர்ற யுனிவர்சிட்டிக்கும் வேற நாட்டு யுனிவர்சிட்டிகளுக்கும் ஒப்பந்தம் இருக்கும். ரெண்டாவது வருஷ நடுவுல அந்த லிஸ்ட்ல இருந்து தேர்ந்தெடுக்கோணும், மார்க்க வெச்சுத்தான் எடம். மொத வருஷ மார்க் கொறஞ்சா அந்த வருஷமே இல்லைனு 3 வருஷ கோர்ஸுக்கு மாத்திவிடற எடமும் உண்டு. போறதுக்கு முன்னாடி லேர்னிங் அக்ரிமென்ட்னு ஒரு தாள் கையெழுத்தாகும், அங்க என்னென்ன பாடம் எடுக்கறா, அது இங்கிலாந்துல எதுக்கு சமம்னு. ஐரோப்பால ஒரு வருஷம்னா 60 இசிடிஎஸ் கிரெடிட்டு, இங்கிலாந்து கணக்குல அது 120. இந்தத் தாள்லதான் விஷயமே இருக்குதுங்க. இத அக்கறையா போட்டா அந்த வருஷம் படிப்பு, ஏனோதானோனு போட்டா அது வெறும் டூர். நான் பாத்த பசங்கள்ல பலபேரு சுலபமா பாஸ் ஆகற பாடமா பாத்து, அந்த நாட்டோட கலாச்சாரம், அறிமுக எகனாமிக்ஸ்னு எடுத்துக்கிட்டு வந்துடறாங்க, நாலாவது வருஷம் இங்கிலாந்துல அட்வான்ஸ்டு பேப்பர் வர்றப்ப ஒரு வருஷமா கணக்கே தொடாத கையோட உக்காந்து முழிக்கறாங்க. அதனால அங்கயும் ஒரு எகனாமெட்ரிக்ஸாவது, ஒரு ட்ரேட் பேப்பராவது எடுக்கச் சொல்லுங்க, மீதிய அவ இஷ்டத்துக்கு விடுங்க.

மார்க் பத்தி பெத்தவங்களுக்கு வர்ற வெசனம் தனி. பிரான்ஸ்ல 20க்கு மார்க், 10 வாங்கினா பாஸு, 14 வந்தாலே நல்ல மார்க்கு, 20க்கு 20ங்கறது கேள்விப்படாதது. ஜெர்மனில 1.0தான் ஒசத்தி, 4.0 வரைக்கும் பாஸு, 5.0னா ஃபெயிலு. இத்தாலில 30க்கு, 18ல பாஸ். நம்ம ஊர்ல 95 வாங்கின புள்ள 20க்கு 13னு போன்ல சொன்னா வீட்டுல ஒடனே கலங்கிடறாங்க, கலங்க வேண்டாமுங்க. அந்த மார்க்க இங்கிலாந்து மார்க்கா மாத்தறதுக்கு ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் ஒரு அட்டவணை வெச்சிருக்கும். சில எடத்துல அந்த வருஷ மார்க் கடைசி கிரேடுல சேரும், சில எடத்துல பாஸ் ஆனா போதும், சேராது. எனக்கு கேட்டா சேராத கோர்ஸ்தான் நல்லது, பயமில்லாம கஷ்டமான பாடத்த எடுத்துப் பாக்கலாம்.

எந்த ஊருனு கேட்டா என் அபிப்பிராயத்த பச்சையா சொல்லிடறேன். பாப்பா பின்னாடி யாரோட வேல செய்யப் போறாளோ அவங்க பாஷை பேசற ஊரு. நம்ம சரக்கு போறது ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ், நெதர்லாந்துனு. ஸாரா வெச்சிருக்கற இன்டிடெக்ஸ் ஸ்பெயின்ல ஆர்டேஷோங்கற சின்ன ஊர்ல இருக்குது, எச் அண்ட் எம் ஸ்டாக்ஹோம்ல. அங்க ஒரு வருஷம் இருந்து அவங்க பாஷைல ஒரு மீட்டிங் நடத்தற அளவுக்கு பாப்பா வந்துட்டாள்னா அது வேற யாரும் குடுக்க முடியாத சம்பாத்தியமுங்க. ஆஸ்திரேலியா, கனடானு இங்கிலீஷ் பேசற நாடா பாத்துப் போறது சுலபம்தான், ஆனா இங்கிலாந்துல ஏற்கனவே மூணு வருஷம் இங்கிலீஷ்லதான் இருக்கப் போறா, இன்னொரு வருஷம் அதுலயே எதுக்கு. பாடம் இங்கிலீஷ்ல நடக்கற யுனிவர்சிட்டி ஐரோப்பாலயே நெறைய இருக்குது, அதனால பாஷை தெரியாம போனாலும் ஃபெயில் ஆக மாட்டா, ஆனா வீட்டு ஓனர் கிட்ட, கடைல, ஆபீஸ்ல பேசோணும் இல்லீங்களா, போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கத்துக்கிட்டுப் போனா அங்க போய் பேச்சு வேகமா வரும்.

ஜெர்மனில எனக்கு நடந்தது ஒண்ணு சொல்றேன். அங்க செமினார்னு ஒரு வகுப்பு, ஆளுக்கொரு தலைப்புல கட்டுரை எழுதி எல்லாத்துக்கும் முன்னால பேசோணும். எனக்கு வந்தது துணி கோட்டா. 1974ல இருந்து மல்டி ஃபைபர் அரேஞ்ச்மென்ட்னு ஒண்ணு இருந்துதுங்க, எந்த நாட்டுல இருந்து எத்தன பீஸ் உள்ள வரலாம்னு பணக்கார நாடுங்க அளவு கட்டி வெச்சது, 1995ல இருந்து படிப்படியா கொறச்சு 2005 ஜனவரி 1ல முடிச்சாங்க. வகுப்புல இருந்த பசங்களுக்கு அது ஒரு படம், கோடு கிழிச்சு இந்த முக்கோணம் வாங்கறவன் நஷ்டம், இந்தச் சதுரம் கோட்டா வெச்சிருக்கறவன் லாபம்னு. வரி போட்டா அந்தப் பணம் வாங்கற நாட்டு கவர்மெண்டுக்குப் போகும், கோட்டா போட்டா அந்தச் சதுரம் விக்கற நாட்டுல கோட்டா கைல வெச்சிருக்கறவனுக்குப் போகும், பாடத்துல இவ்வளவுதான். அந்தச் சதுரம் யாரு கைலனு எனக்குத் தெரிஞ்சிருந்துது, ஏன்னா எங்க ஒறவுல ஒரு மாமா பனியன் எக்ஸ்போர்ட்ல இருந்தவரு, ஏஇபிசிங்கற ஆடை எக்ஸ்போர்ட் கவுன்சில் கோட்டா பிரிச்சுக் குடுத்ததும், ஆர்டர் இருந்து கோட்டா இல்லாதவன் கோட்டா இருந்து ஆர்டர் இல்லாதவன் கிட்ட பீஸுக்கு இத்தனைனு காசு குடுத்து வாங்கினதும் அவரு வாயால கேட்டிருக்கறேன். உங்க வயசுக்காரங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த விக்கற வெலதான் அந்தச் சதுரம்னு நான் போர்டுல காட்டினப்ப ப்ரொஃபசர் எந்திரிச்சு முன்னால வந்துட்டாரு, அந்த வெல மாசத்துக்கு மாசம் மாறுமா, அமெரிக்க கோட்டாவுக்கும் ஐரோப்பா கோட்டாவுக்கும் வித்தியாசம் உண்டானு கேள்வி மேல கேள்வி. முடிஞ்சதும் எல்லாரும் மேசைய விரல் முட்டியால தட்டினாங்க, அவங்க ஊர்ல கைதட்டறதுக்குப் பதிலா அப்படி. பின்னாடி என் கடைசி வருஷ ஆராய்ச்சிக்கு கேள்வி கெடச்சது அந்த வகுப்புலதான். வெளிநாட்டு வருஷத்தால என்ன லாபம்னா நான் சொல்றது இதுங்க, நம்ம ஊர் விஷயத்த வேற ஒரு எடத்துல வேற ஆளுங்க முன்னாடி வெச்சுப் பாக்கறது.

நடைமுறைச் சிக்கலும் இருக்குது. இங்கிலாந்துல வருஷம் செப்டம்பர் கடைசில ஆரம்பிக்கும், ஜெர்மனில வகுப்பு அக்டோபர் நடுவுல, ரெண்டாவது செமஸ்டர் ஜூலை வரைக்கும் இழுக்கும், பரீட்சை அதுக்கும் அக்கட்ட போகும், அதனால அந்த கோடைல இன்டர்ன்ஷிப் கெடைக்கறது கஷ்டம். அங்க பல யுனிவர்சிட்டில வகுப்புக்குப் பேர் குடுத்தா மட்டும் பத்தாது, பரீட்சைக்கு தனியா பதிவு பண்ணோணும், தேதி போச்சுனா போச்சு. குடி போன ரெண்டு வாரத்துல விலாசத்த ஊர் ஆபீஸ்ல பதியோணும், ரூம் கெடைக்கறதே பெரிய பாடு, யுனிவர்சிட்டி எடம் அலாட் ஆன அன்னிக்கே ஹாஸ்டலுக்கு எழுதிப் போடோணும்.

விசா ரெண்டு தடவைங்க. இங்கிலாந்து விசாவ வெச்சுக்கிட்டு ஐரோப்பால ஒரு வருஷம் இருக்க முடியாது, அந்த நாட்டு ஸ்டூடண்ட் விசா தனியா எடுக்கோணும். ஜெர்மனினா வருஷத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாசம் 992 வீதம், பிளாக்டு அக்கவுண்ட்லயோ (மாசம் இவ்வளவுதான் எடுக்க முடியும்னு பூட்டி வெக்கற கணக்கு) வேற வழிலயோ காட்டோணும். அந்த ஒரு வருஷம் வெளிய இருக்கறப்ப இங்கிலாந்து விசாவ யுனிவர்சிட்டி தொடர்ந்து வெச்சிருக்குமா இல்ல ரத்தாகி நாலாவது வருஷத்துக்கு மறுபடி எடுக்கோணுமாங்கறத சேர்றதுக்கு முன்னாடியே இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டு வெச்சுக்கோங்க, இத பல பேரு கடைசி நேரத்துல கேட்டு அல்லாடறாங்க.

காசுக்கு வர்றேன். பவுண்டு 120 ரூபானு வெச்சுக்கிட்டு ஒரு கணக்கு போடலாம். ஃபீஸ் வருஷத்துக்கு 25,000 பவுண்டுனா 30 லட்சம். தங்கறது சாப்பாடுனு லண்டனுக்கு வெளிய மாசம் 1,171 பவுண்டு விசாவுக்கே காட்டச் சொல்றாங்க, வருஷத்துக்கு சுமாரா 17 லட்சம். அதோட விசா இருக்கற ஒவ்வொரு வருஷத்துக்கும் ஹெல்த் சர்சார்ஜ் 776 பவுண்டு. ஆக வருஷத்துக்கு 48 லட்சம் பக்கம், மூணு வருஷத்துக்கு ஒண்ணே கால் கோடி தாண்டி ஒண்ணரை கோடிக்குப் பக்கத்துல. வெளிநாட்டு வருஷம் அதுக்கு மேல. ஒப்பந்தத்துல போறதால அங்கத்த யுனிவர்சிட்டிக்கு ஃபீஸ் கட்ட வேண்டியதில்ல, இங்கிலாந்து யுனிவர்சிட்டிக்குத்தான் கட்டோணும். இங்கிலாந்து பசங்களுக்கு முழு வருஷம் வெளிய படிச்சா சாதா ஃபீஸ்ல 15 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுனு உச்சவரம்பு இருக்குது, நம்ம பசங்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது, யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி மாறும். இந்த ஒரு கேள்வில பத்து இருபது லட்சம் வித்தியாசம் வரும், ஏஜென்ட் தானா சொல்ல மாட்டாரு, யுனிவர்சிட்டில இருந்து அவருக்கு கமிஷன் வருது, அத மனசுல வெச்சுக்கிட்டே அவரு பேச்சக் கேளுங்க.

சொந்தப் பணம் ஒரு வருஷத்துல 10 லட்சத்துக்கு மேல வெளிய அனுப்பினா பேங்க்ல டிசிஎஸ்னு முன்கூட்டியே ஒரு வரி புடிப்பாங்க, வருமான வரில கழிச்சுக்கலாம், எஜுகேஷன் லோன்ல போனா புடிக்க மாட்டாங்க. பழைய வரி முறைல இருந்தீங்கன்னா லோன் வட்டிக்கு வருமான வரில கழிவு உண்டு. படிச்சு முடிச்சதும் அங்கயே வேல பாத்து கடன கட்டிக்கலாம்னு கணக்கு போடாதீங்க, படிச்சு முடிச்சவங்க தங்கி வேல பாக்க கிராஜுவேட் ரூட்னு ஒரு விசா 2 வருஷம் குடுத்துட்டு இருந்தத 2027 ஜனவரில இருந்து 18 மாசமா கொறைக்கறாங்க, பாப்பா முடிக்கறதுக்குள்ள இன்னும் என்ன மாறுமோ.

மனசுல பட்டத சொல்றேன், தோட்டத்த வித்தோ யூனிட்ட அடமானம் வெச்சோ பேச்சலர் டிகிரிக்கு அனுப்பாதீங்கண்ணா. இந்தப் படிப்புல பேச்சலர் மட்டும் பத்தாது. இந்தியன் எகனாமிக் சர்வீஸ் எழுதோணும்னா முதுகலை கேக்கறாங்க, ரிசர்வ் பேங்க் ஆராய்ச்சிப் பிரிவுக்கும் அப்படித்தான், ட்ரேட் பாலிசி வேலைக்குப் போனாலும் பெரும்பாலும் மாஸ்டர்ஸ் கேப்பாங்க. அப்ப பணத்த ரெண்டுக்கும் பிரிச்சுப் பாருங்க. இளங்கலைய கோயமுத்தூர்லயோ சென்னைலயோ டெல்லிலயோ நல்லா கணக்கோட படிச்சுட்டு, அதுக்கப்பறம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பைல ஐஜிஐடிஆர்ங்கற ஆராய்ச்சி நிறுவனம், இல்லாட்டி ஜெர்மனில மாஸ்டர்ஸ்னு போனா செலவு நாலுல ஒரு பங்குக்கும் கீழ நிக்கும். ஜெர்மனில அரசு யுனிவர்சிட்டி பெரும்பாலும் ஃபீஸ் வாங்கறதில்ல, ஆனா பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல நம்ம மாதிரி வெளிநாட்டுப் பசங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. பிளஸ் டூ முடிச்ச கையோட அங்க பேச்சலருக்குப் போறது செரமம், அதுக்கு இங்க ஒரு வருஷம் காலேஜ் படிச்சிருக்கோணும், இல்லைனா அங்க ஸ்டூடியன்கோலெக்னு யுனிவர்சிட்டிக்கு முந்தின தயாரிப்புப் படிப்ப முடிக்கோணும், அதோட பாடமும் பெரும்பாலும் ஜெர்மன்லதான். நடுவழி ஒண்ணும் வந்திருக்குது, இங்கிலாந்து சவுத்தாம்ப்டன் யுனிவர்சிட்டி 2025ல குருகிராம்ல கேம்பஸ் தொறந்திருக்குது, எகனாமிக்ஸும் இருக்குது, நடுவுல அவங்க வெளிநாட்டு கேம்பஸ்ல போய் படிக்கவும் வழி வெச்சிருக்கறாங்க, அத ஒரு எட்டு விசாரிங்க. ஒண்ணரை ரெண்டு கோடி உங்க தொழிலத் தொடாம தனியா இருக்குதுனா மட்டும் இங்கிலாந்து 4 வருஷத்துக்கு நானே சரினு சொல்லுவேன்.

தொழிலுக்கு ஒதவுமானு கேட்டீங்க. வந்த ஒடனே ஒதவாதுங்க. காஸ்டிங் போடறது, மெர்ச்சன்டைசிங், லைன ஓட்டறது எல்லாம் கம்பெனிக்குள்ள நின்னு கத்துக்கறது, எந்த யுனிவர்சிட்டியும் தராது. ஆனா இனிமே பனியன் தொழில ஆட்டி வைக்கறது கம்பெனிக்கு வெளிய இருந்து வர்றதுதான். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டப்ப திருப்பூர் எப்படி அல்லாடுச்சுனு நீங்க பக்கத்துல இருந்து பாத்தவரு, அந்த வரில பையர் எத்தன தாங்குவான், நாம எத்தன தாங்கோணும்ங்கறது பேரம் மட்டும் இல்ல, யாருக்கு மாத்து வழி இருக்குதுங்கறத பொறுத்தது, அத அளக்கறதுக்கு இந்தப் படிப்புல வழி இருக்குது. அதே வருஷம் ஜூலைல இங்கிலாந்தோட ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, அந்த மாதிரி ஒப்பந்தத்துல ரூல்ஸ் ஆஃப் ஒரிஜின்னு ஒரு அத்தியாயம் வரும், துணி எந்த நாட்டுதுன்னு எப்படி முடிவு பண்றதுனு, சலுகை கெடைக்கறதும் கெடைக்காததும் அதுல இருக்குது, அத படிச்சுச் சொல்ற ஆளு நம்ம பக்கம் கொறைவு. இரும்பு அலுமினியத்துக்கு செய்யறப்ப எவ்வளவு கார்பன் வெளிய போச்சுங்கற கணக்க ஐரோப்பா கேக்க ஆரம்பிச்சாச்சு, துணிக்கும் அடுத்தடுத்து விதி வருது. 2011 ஜனவரில ஐகோர்ட்டு உத்தரவுல சாயப்பட்டறை எல்லாம் மூடி, நொய்யல் ஆத்துக்காக ஒரு சொட்டு கழிவுத் தண்ணி வெளிய விடாத பிளான்ட் போட்டு நம்மாளுங்க சுமந்த செலவு இருக்குதே, அத ஐரோப்பா பையர் முன்னாடி நம்பரா எடுத்து வெச்சு வெல கேக்கறதுக்கு பாப்பா மாதிரி ஒரு ஆளு வேணுமுங்க.

பொம்பளப் புள்ளைய தனியா எப்படினு கேக்கறவங்களுக்கு ஒரு வரி, நானும் அப்படிப் போனவதான், மொத குளிர்காலம் கஷ்டமா இருந்துது, நோம்பி நாள்ல வீட்டு ஞாபகம் வரும், பொழுது நாலு மணிக்கே சாஞ்சுரும், சமைக்கத் தெரிஞ்சிருந்தா பாதி தீந்துரும்.

இங்கிலாந்துக்குத்தான்னு முடிவு பண்ணினா யூகாஸ்ங்கற பொது அப்ளிகேஷன் மூலமா அஞ்சு எடத்துக்குப் போடலாம், முக்கியமான கெடு ஜனவரில. அதுல மூணு கேள்விக்கு பதில் எழுதச் சொல்லுவாங்க, ஏன் இந்தப் படிப்பு, இதுக்கு என்ன தயார் பண்ணியிருக்கறங்கற மாதிரி. ஏஜென்ட் எழுதித் தர்றத போட வேண்டாம். உங்க யூனிட்ல போன ரெண்டு வருஷ பில்ல எடுத்துக் குடுங்க, பீஸ் ரேட் எந்தெந்த மாசம் மாறுச்சு, நூல் வெல அப்ப எவ்வளவு, டாலர் எவ்வளவுனு மூணு காலம் போட்டு அவளே ஒரு சார்ட்டு வரையட்டும், ரேட்டு எதுக்குப் பின்னாடி போகுதுனு அவ கண்டுபுடிச்சத அவ வார்த்தைல எழுதட்டும். அத செய்யறப்ப அவளுக்கு ஆசையா இருக்குதா இல்ல சலிப்பா இருக்குதானு பக்கத்துல இருந்து பாருங்க, கோர்ஸ் சரியானு அதுலயே தெரிஞ்சுரும். இந்த லீவுலயே ஜெர்மனோ ஸ்பானிஷோ ஏ1ங்கற ஆரம்ப நிலை கிளாஸ் ஒண்ணு சேத்து விட்டுருங்க, கோர்ஸ் எதுவா இருந்தாலும் அது வீணாகாது. ஏஜென்ட் குடுத்த யுனிவர்சிட்டி பேரெல்லாம் அனுப்புங்க, ரெண்டாவது வருஷ மாட்யூல் லிஸ்ட நான் பாத்துட்டு எது எடுக்கலாம் எத விடலாம்னு சொல்றேன்.